பூட்டும் டரெட்டா, பூட்டாத டரெட்டா? லியூபோல்ட் மார்க் 5எச்டியோடு இரண்டு சீசன்

நெடுந்தூரத் துப்பாக்கிப் போட்டி ஒன்று. 500 கஜத்தில் இலக்காக 10 அங்குலத் தகடு. முதல் நான்கு தோட்டாவும் வீண். தகட்டுக்குப் பின்னால் இடுப்பளவு புல் இருந்ததால், குண்டு எங்கே விழுகிறது என்று காட்டக் கொஞ்சம் மண்கூடப் பறக்கவில்லை. காற்றுதான் திரும்பிவிட்டது என்று நினைத்து, ரெட்டிகிளில், அதாவது துப்பாக்கித் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் தெரியும் அளவுக் கோடுகளில், கொஞ்சம் இந்தப் பக்கமும் கொஞ்சம் அந்தப் பக்கமும் பிடித்துப் பார்த்தேன். அதற்குள் 90 வினாடி முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் எங்கள் ஸ்குவாடில் இருந்த பெரியவர் ஒருவர் பேசாமல் என் ஸ்கோப்பின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினார். டரெட் என்பது குண்டு விழும் இடத்தை மாற்ற ஸ்கோப்பில் இருக்கும் திருகு; உயரத்துக்கு எலிவேஷன், பக்கவாட்டுக்கு விண்டேஜ். என் விண்டேஜ் டரெட் ஜீரோவில், அதாவது சரிபார்த்து வைத்த இடத்தில், இல்லை, 0.4 மில் தள்ளி நின்றது.

உறையிலிருந்து எடுக்கும்போது உரசியதா, காரின் பின் சீட்டில் திரும்பியதா, இன்றுவரை தெரியாது. ஒரு மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 500 கஜத்தில் 0.4 மில் என்பது 7 அங்குலத்துக்கு மேல். தகட்டின் நடுவிலிருந்து ஓரம் வரை 5 அங்குலம்தான். காற்றே இல்லாவிட்டாலும் அந்தக் குண்டுகள் தகட்டைத் தொட்டிருக்காது. அந்த ஸ்கோப்பின் பெயர் இங்கே வேண்டாம். டரெட் இரண்டும் மூடியில்லாமல், பூட்டும் இல்லாமல் இருக்கும் ரகம், அவ்வளவுதான்.

நான் டெக்சாஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மாதம் ஒரு பிஆர்எஸ் (நெடுந்தூரத் துல்லியச் சுடும் போட்டித் தொடர்) கிளப் மேட்ச், 6.5 கிரீட்மூர் ரகத் தோட்டா, 140 கிரெய்ன் எடைக் குண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எடுத்த முடிவு, இனி பூட்டு இல்லாத டரெட்டே வேண்டாம் என்பது. அந்த முடிவில் பாதி தப்பு என்று புரிய எனக்கு ஒரு சீசன் ஆனது.

பூட்டும் டரெட்டில் ரகங்கள் உண்டு. அதிகம் பார்ப்பது மேலே இழுத்தால் சுற்றும், கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை. வோர்டெக்ஸ் ரேஸர் எச்டி ஜென் 2-வில் இருப்பது அதுதான். மேசையில் வைத்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. நண்பர் ஒருவரிடம் இந்த வகை ஸ்கோப் ஒன்றை இரண்டு மாதத்துக்குக் கடனாக வாங்கி என் துப்பாக்கியில் மாட்டினேன்.

முதல் மேட்ச் பிரச்சினை இல்லாமல் போனது. இரண்டாவதில், ஒவ்வொரு தகட்டுக்கும் டயல் செய்தே, அதாவது டரெட்டைத் திருப்பியே, ஆக வேண்டும், ரெட்டிகிளில் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று ஒரு ஸ்டேஜ் (போட்டியின் ஒரு கட்டம்). 400 கஜம், 550, 700, மறுபடி 400. என் கணக்கில் 2.3 மில், 3.7, 5.2, திரும்ப 2.3. துப்பாக்கி பார்ரிகேடில் (பலகைத் தடுப்பில்) இருக்கும் துளையின் கீழ் விளிம்பில், அடியில் ஒரு மணல் பை. அந்த விளிம்பில் எல்லாமே ஒரு நூல் சமநிலையில் நிற்கும். வலது கை பிடியில் இருக்கும், இடது கையை மட்டும் மேலே கொண்டுபோய் டரெட்டைத் தொட வேண்டும். பூட்டாத டரெட் என்றால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பக்கவாட்டில் உருட்டினால் போதும், துப்பாக்கி அசையாது. ஆனால் 700-இலிருந்து 400-க்கு இறங்க நான் திருப்பியபோது டரெட் நகரவில்லை. துப்பாக்கியை அந்தத் துளைக்குள் கொஞ்சம் நகர்த்தியபோது மேல் பலகையில் இடித்து டரெட் கீழே அமுங்கிப் பூட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தேன். டரெட்டோடு துப்பாக்கியும் பையிலிருந்து கொஞ்சம் எழும்பியது. தலையைத் தூக்கி, எண்ணைப் பார்த்து, மறுபடி கன்னத்தை வைத்துத் தகட்டைத் தேடுவதற்குள் நேரம் போய்விட்டது. இரண்டு தோட்டா சுடாமலே மிச்சம்.

அந்த ஸ்கோப்பில் குறை எதுவும் இல்லை. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. எனக்குத்தான் அப்போது ஒரு விஷயம் தெளிவானது. நாம் எலிவேஷனையும் விண்டேஜையும் ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எலிவேஷனை ஒரு ஸ்டேஜுக்குள்ளேயே நாலு முறை திருப்புகிறோம், ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்த்தே திருப்புகிறோம். அது தானாக நகர்ந்திருந்தாலும் ஸ்டேஜுக்கு முன் டயல் செய்யும்போது சரியாகிவிடும். விண்டேஜை ஜீரோ வைத்த நாளுக்குப் பிறகு யாரும் தொடுவதில்லை. காற்றுக்கு ரெட்டிகிளில்தான் பிடிக்கிறோம். தொடாததால் பார்ப்பதும் இல்லை. அதனால் பூட்டோ மூடியோ கட்டாயம் வேண்டியது விண்டேஜுக்குத்தான்.

ஸ்கோப் செய்பவர்களில் பலருக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. நைட்போர்ஸ் அட்டாக்கர் 7-35-இல் எலிவேஷன் திறந்தபடி இருக்கும், விண்டேஜுக்கு மூடி. காலெஸ் கே525ஐ-யில் விண்டேஜ் டரெட்டின் வெளிப்பக்கம் தனியாகச் சும்மா சுழலும், எதில் உரசினாலும் உள்ளே ஒரு கிளிக் கூட நகராது. அந்த ஏற்பாட்டைக் கையில் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

சரி, நான் வாங்கியதற்கு வருகிறேன். லியூபோல்ட் மார்க் 5எச்டி 5-25x56, எம்5சி3 டரெட். விண்டேஜுக்குத் திருகு மூடி. எலிவேஷனில் பூட்டு உண்டு, ஆனால் ஜீரோவில் மட்டும். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஜீரோவில் நிற்கும்போது அதை அழுத்தினால்தான் டரெட் கிளம்பும். கிளம்பிய பிறகு பூட்டே கிடையாது, விரலால் உருட்டிக்கொண்டே போகலாம். திரும்ப ஜீரோவுக்கு வந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஸ்டேஜின் முதல் தகட்டுக்கு மணி அடிக்கும் முன்பே டயல் செய்துவிடுவோம் என்பதால், பொத்தானை அழுத்தும் வேலை போட்டி நேரத்துக்குள் வருவதே இல்லை. துப்பாக்கி உறையிலும் காரிலும் தோளிலும் இருக்கும் நேரமெல்லாம் பூட்டு, சுடும் நேரமெல்லாம் சுதந்திரம். எனக்கு வேண்டியது இதுதான்.

கிளிக் நன்றாகவே இருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் விரல் வியர்த்து வழுக்கும்போதும் ஒவ்வொரு 0.1 மில்லும் தனித்தனியாகக் கைக்குத் தெரிகிறது. டேஞ்சன்ட் தீட்டா ஸ்கோப்பைத் தொட்டவர்கள் இதைச் சாதாரணம் என்பார்கள். அதன் கிளிக் வேறு உலகம், அதன் விலையும் வேறு உலகம். இதன் எடை சுமார் 850 கிராம். பெரும்பாலான போட்டி ஸ்கோப்கள் இதைவிடக் கனம். எலிவேஷன் டரெட்டின் ஒரு சுற்றுக்கு 10.5 மில். என் 6.5-க்கு 1,000 கஜம்கூட 9 மில்லை ஒட்டி வருவதால் முதல் சுற்றே போதும். பயிற்சிக்கு இதையே 22 காலிபர் துப்பாக்கியில் மாட்டி 300 கஜம் சுடும்போதுதான் இரண்டாம் சுற்றுக்குப் போகிறேன். அங்கே அந்த அரை மில் மனக்கணக்கைக் கெடுக்கிறது. மேல் வரிசையில் எண் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துத் திருப்பப் பழகிக்கொள்ள வேண்டும். 10 மில்லாகவே வைத்திருக்கலாம்.

இன்னொன்று, இதன் குழாய் 35 மில்லிமீட்டர். 30-க்கும் 34-க்கும் வாங்கி வைத்திருக்கும் ரிங் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் வளையம்) எதுவும் ஆகாது, தனியாக வாங்க வேண்டும். ஸ்கோப்பே ரெட்டிகிளைப் பொறுத்து 2,000 டாலருக்கு மேலேயே போகிறது, அதற்கு மேல் இந்தச் செலவு.

என்ஆர்எல் ஹண்டர் மாதிரிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு நான் இதையே சொல்ல மாட்டேன். அங்கே துப்பாக்கியை முதுகில் கட்டிக்கொண்டு முள்ளுக்குள் நடக்க வேண்டும், தகட்டை நாமே தேடித் தூரம் அளந்து சுட 4 நிமிடம் இருக்கிறது. டரெட்டை இழுக்க ஒரு வினாடி போனால் பரவாயில்லை. இரண்டையும் எந்த எண்ணிலும் பூட்டும் ரகம் அங்கே நிம்மதி.

இப்போது எனக்கு ஒரு வழக்கம். ஸ்டேஜ் முடிந்து, போல்ட்டைத் திறந்து, சேம்பர் (தோட்டா அறை) காலி என்று ஆர்ஓ (சுடுதளப் பொறுப்பாளர்) பார்த்து, பாதுகாப்புக் கொடியைச் செருகிய பிறகு, எலிவேஷனைப் பார்க்காமலே கீழே உருட்டுவேன். டக் என்று பூட்டு விழுவது விரலிலேயே தெரியும். அப்புறம் விண்டேஜ் மூடியை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பேன்.

உங்களிடம் இருப்பது மூடியில்லாத, பூட்டில்லாத விண்டேஜ் என்றால், அதற்காகப் புது ஸ்கோப் வாங்க ஓட வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி, டரெட்டும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் இறுக்கமாக மாட்டிவிடுங்கள். எங்கள் ஸ்குவாடில் மூன்று பேர் அப்படித்தான் சுடுகிறார்கள். எனக்கு டரெட்டைத் தொட்டுக் காட்டிய பெரியவரும் அதில் ஒருவர்.