ஆறு பிள்ளைகள், ஒரு அம்மா: வீட்டுப் பள்ளிக்கு எந்தப் பாடத்திட்டம்?

எங்கள் வீட்டில் ஆறு பேர். நான் மூத்தவள், 21 வயது. அடுத்து தம்பி 18, தங்கை 15, இன்னொரு தம்பி 13, கடைசியில் 9 வயது இரட்டையர். ஆறு பேரும் வீட்டிலேயே படித்தவர்கள், படிக்கிறவர்கள். நாகர்கோவில் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பாட்டி "எந்த ஸ்கூலு மக்ளே?" என்று கேட்டால், "வீட்லதான் பாட்டி" என்று ஆரம்பித்து அவர் கேட்கும் அடுத்த ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

சபையில் கைக்குழந்தையோடு வரும் அக்காமார் சிலர் இப்போது என்னிடம் கேட்கும் கேள்வி வேறு. "எந்த சிலபஸ் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பிள்ளைங்க அக்கா?" ஒரு பிள்ளை என்றால் எதை எடுத்தாலும் ஓடும். நாலைத் தாண்டினால் சிலபஸ் எவ்வளவு நல்லது என்பதை விட, அது அம்மாவின் நேரத்தில் எவ்வளவைத் தின்னும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் அம்மாவின் நேரம் இப்படிப் போகும். ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம். தேதி எதுவோ அந்த அதிகாரம் நீதிமொழிகளில். 31 அதிகாரம் இருப்பதால் மாதத்துக்குக் கச்சிதமாக வரும். ஆளுக்கு இரண்டு வசனம் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்புறம் இட்லி, துணி, தண்ணீர் மோட்டார். எட்டரைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்தால் அதுதான் வகுப்பறை. அம்மா ஒருவருக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொருவர் காலடியில் அழுதுகொண்டிருப்பார். நான் அல்ஜீப்ரா போட்டதில் பாதி, மடியில் ஒரு இரட்டையரை வைத்துக்கொண்டு போட்டதுதான்.

இந்த வீட்டில் முதலில் வந்தது அமெரிக்கப் பொட்டலம். ஏசிஇ என்பார்கள், 1970இல் டெக்சாஸில் டொனால்ட் ஹோவர்ட் தொடங்கிய கிறிஸ்தவப் பாடத்திட்டம். பாடநூல் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வருடத்துக்கு 12 மெல்லிய புத்தகங்கள், 'பேஸ்' என்று பெயர். பிள்ளை தானே வாசித்து, தானே எழுதி, விடைப்புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். கடைசியில் ஒரு தேர்வு; 80 சதவீதம் வந்தால்தான் அடுத்த புத்தகம். சந்தேகம் வந்தால் மேசையில் சின்னக் கொடியை நட்டுவைக்க வேண்டும், பெரியவர் வருவார். எங்கள் வீட்டில் கொடி நட்டால் இரட்டையர் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பதால் கரண்டியைத் தூக்கிக் காட்டும் வழக்கம் வந்தது.

பெரிய குடும்பத்துக்கு இது வரம்போலத் தெரியும். அம்மா நாலு பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்துவிட்டுக் குழம்பைப் பார்க்கலாம். ஆனால் பெரிய தம்பி இரண்டாம் மாதமே விடைப்புத்தகத்தை முன்னால் வைத்து எழுதக் கற்றுக்கொண்டான். திருத்தும் சிவப்புப் பேனாவும் அவன் கையில், எழுதும் நீலப் பேனாவும் அவன் கையில்! தேர்வில் 52 வந்தபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. தங்கை அப்படியில்லை, நேர்மையாகப் படித்தாள். அமெரிக்க நாணயத்தில் ஒரு குவார்ட்டர் என்றால் 25 சென்ட், ஒரு டைம் என்றால் 10 சென்ட் என்று கடகடவென்று சொல்வாள். ரேஷன் கடையில் மீதிச் சில்லறை சரியா என்று எண்ணத் தெரியாமல் நின்றாள்.

தமிழ் அந்தப் பொட்டலத்தில் இல்லவே இல்லை. அந்தக் குறையை விடியற்கால ஜெபம்தான் தீர்த்தது. ஆளுக்கு இரண்டு வசனம் வாசித்தே எல்லோரும் எழுத்துக்கூட்டக் கற்றோம். அதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. சின்னத் தம்பி ஆறு வயதில் பலசரக்குக் கடையில் போய், "அண்ணா, எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லாமற்போயிற்று" என்றான். கடைக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார்.

ஏ பெக்கா பற்றியும் கேட்பார்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வருவதுதான். ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் 1972இல் தொடங்கியது. புத்தகங்கள் அழகு, பாடம் கனம். ஆனால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து நாள்வாரியாக நடத்துவதற்கென்றே செய்தது. ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்குத் தாராளமாகச் சொல்வேன். எங்கள் அம்மா மூன்று வாரத்தில் கும்பிடு போட்டுவிட்டார்.

சரி, இதெல்லாம் 12, 13 வயதுவரைதான். அதற்கு மேல் நம் ஊரில் சான்றிதழ் என்ற கேள்வி வரும். அங்கேதான் உண்மையான போட்டி.

நான் எழுதியது தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். மத்திய அரசினுடையது, 1989 முதல் இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழி கட்டாயம், தமிழையும் எடுக்கலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. இந்த வருடம் இரண்டு பாடம், அடுத்த தடவை மூன்று என்று பிரித்தும் எழுதலாம். பெரிய குடும்பத்தில் இதன் அருமை எனக்குத் தெரியும். இரட்டையருக்கு அம்மை போட்ட மாதத்தில் எனக்குத் தேர்வு. இரண்டு பாடத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கணக்கு கட்டாயமில்லை என்றதும் நான் மனையியலும் ஓவியமும் எடுத்துத் தப்பித்தேன். பாலிடெக்னிக் மாதிரி இடங்களில் பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள் என்று பிறகுதான் உறைத்தது. கணக்கைக் கூடுதல் பாடமாகச் சேர்த்து மறுபடி உட்கார்ந்தேன். 20 சதவீத மதிப்பெண் வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு. நான் நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு மையத்தில் அதைத் தொலைத்துவிட்டு, "நீ கொடுக்கவே இல்லையே" என்றார்கள். மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் முதலில் போட்டோ எடுப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பெரிய தம்பி எடுத்தது மாநிலப் பாடத்திட்டம், தனித்தேர்வர் வழி, அதாவது பள்ளியில் சேராமல் தேர்வு மட்டும் எழுதுவது. இதில் படி அதிகம். எட்டாம் வகுப்புச் சான்று வேண்டும். பள்ளியே போகாதவன் என்பதால் 12½ வயது நிறைந்தபின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதினான். பிறகு 14½ நிறைந்ததும் பத்தாம் வகுப்பு. ஐந்து பாடம், 500 மதிப்பெண், தமிழ் கட்டாயம். பாடநூல்களை அரசு இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆறு பிள்ளை வீட்டில் இது சின்ன விஷயமா? ஒரு செட் அச்சுப் புத்தகம் வாங்கி, அதையே கைமாற்றி இரண்டு பேர் முடித்தோம். தரமும் நன்றாகவே இருக்கிறது. நான் என்ஐஓஎஸ் எழுதும்போதுகூட அறிவியலுக்குச் சமச்சீர் புத்தகத்தைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதற்கு முன்பே பதிந்து, சொல்லும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். அப்படித்தான் தம்பி 15 வயதில் முதல்முறையாக ஒரு வகுப்பறைக்குள் போனான். அவனுக்குப் பக்கத்தில் பேக்கரியில் வேலை செய்யும் 30 வயது அண்ணன், முன்னால் கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு அக்கா. மணி அடித்தது, தம்பி எழுந்து நின்றுவிட்டான். "உக்காருப்பா, அது அடுத்த பீரியடுக்கு" என்றாராம் அண்ணன். வீட்டுக்கு வந்து செய்முறையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, மணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

தம்பியைப் பொறுத்தவரை இதில் இன்னொரு லாபம், தேதி. என்ஐஓஎஸ் ஒன்பது வாய்ப்பு தருகிறது, சோம்பேறிப் பிள்ளைக்கு அது ஒன்பது சாக்கு. மாநிலத் தேர்வுக்கு அட்டவணை வந்துவிட்டால் ஊரே பேசும். அவனும் தானாக நாலு மணிக்கு எழுந்தான். அம்மா விரட்டவே இல்லை. பிள்ளையின் சுபாவத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். தானாகப் படிக்கிற பிள்ளைக்கு என்ஐஓஎஸ், தள்ளிப்போடுகிற பிள்ளைக்கு மாநிலத் தேர்வு.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நடத்தும், பத்தாம் வகுப்பு அளவிலான ஐஜிசிஎஸ்இ தேர்வு? தங்கைக்காக விசாரித்தோம். வெளியிலிருந்து எழுதுகிறவர்களை ஏற்கும் மையத்தை நாமே தேட வேண்டும். மே-ஜூன், அக்டோபர்-நவம்பர் போக, இந்தியாவுக்கென்றே மார்ச்சிலும் ஒரு சுற்று உண்டு. ஆய்வகம் இல்லாதவர்களுக்குச் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாளே இருக்கிறது. வீட்டில் படிப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஐந்து பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் இங்கே பத்தாம் வகுப்புக்குச் சமம். பாடம் யோசிக்கவைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குச் சொன்ன செலவைக் கேட்டு அப்பா பேசாமல் தண்ணீர் குடித்தார். அந்தப் பணத்தில் மூன்று பேருக்கு மற்ற இரண்டு வழியிலும் பத்தாம் வகுப்பை முடித்துவிடலாம். தங்கை என்ஐஓஎஸ் பதிந்துவிட்டாள்.

"போலீஸ் பிடிக்காதா?" என்று பெரியம்மா இன்னும் கேட்கிறார். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் எல்லாம் வாழ்கின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு நமக்குக் கிடையாது. டாக்டர் கனவு உள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளி பக்கத்திலேயே இருந்தால், ஆறாம் வகுப்புக்கு முன்பே இதை யோசிக்க வேண்டும்.

எந்த சிலபஸும் தீர்க்காத ஒன்று உண்டு, மூத்த பிள்ளையின் சுமை. அம்மாவின் நேரத்தை மிச்சப்படுத்தும் எல்லா முறையும் கொஞ்சத்தை எடுத்து என் தலையில்தான் வைத்தது. 14 வயதில் இரட்டையருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தது நான். எனக்கென்று நண்பர்கள் கிடைத்தது ஞாயிறு பாடகர் குழுவிலும், மே மாத விபிஎஸ்ஸிலும்தான், அதாவது சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளியில். விபிஎஸ் முடிந்து ஜூனில் எல்லோரும் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்த முதல் திங்கட்கிழமை தெரு அமைதியாகிவிடும் பாருங்கள், அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

13 வயதுத் தம்பிக்கு எந்த வழி என்று போன மாதம் குடும்பமாக உட்கார்ந்து பேசினோம். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஸ்கூலுக்குப் போறேன். அங்க ஃபுட்பால் டீம் இருக்கு" என்றான். யாரும் அதை ஒரு வழியாகவே வைத்திருக்கவில்லை. அதே கல்வி உரிமைச் சட்டம், பள்ளியே பார்க்காத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் தனித்தேர்வும் மிச்சம். அம்மா ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் டெய்லர் கடையில் அவனுக்கு அளவெடுத்தார்கள், காக்கி பேன்ட் இரண்டு. மத்தியானம் இரட்டையருக்கு வாய்ப்பாடு கேட்கும் வேலை அவனுடையது. அதை இனி யார் பார்ப்பது என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.