லவ்டேலா, ரிஷிவேலியா? எழும்பூரிலும் கிண்டியிலும் வேர்விட்ட இரண்டு உறைவிடப் பள்ளிகள்

பெரம்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் மூன்று மாதமாக ஒரே பேச்சு. பையனுக்குப் பத்து வயது ஆகப்போகிறது, எந்த ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பது? அவள் வீட்டுக்காரருக்கு ஊட்டி பக்கத்து லவ்டேல் லாரன்ஸ் பள்ளிமேல் ஆசை. தங்கைக்கு ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலி. "அக்கா, நீ இத்தனை வருஷம் கார்ப்பரேஷன் ஸ்கூல் டீச்சரா இருந்தவ, நீ சொல்லு" என்று என்னிடம் வந்துவிட்டாள். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்களே விசாரித்துக்கொள்வார்கள். நான் அந்தப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கத் தொடங்கினேன். தேடிப் போனால் இரண்டுக்கும் நம் சென்னையில் ஒரு வேர் இருக்கிறது.

முதலில் லவ்டேல். 1857-ல் லக்னோ முற்றுகையில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸ் நினைவாக, அடுத்த ஆண்டே ஊட்டியில் தொடங்கிய பள்ளி இது. அன்று அதன் பெயர் லாரன்ஸ் அசைலம். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும், அப்பாவை இழந்த பிள்ளைகளுக்குமான இல்லம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காக யாரும் அதைக் கட்டவில்லை. ஆனால் பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இருந்தால் முன்னுரிமை என்று ஒரு விதி இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது.

லவ்டேலில் இன்று நிற்கும் பெரிய கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். கடற்கரைச் சாலையில் செனட் ஹவுஸையும் மாநிலக் கல்லூரியையும் வடிவமைத்த அதே சிஷோம்தான். மெரினாவுக்குப் போகும்போதெல்லாம் நாம் பார்ப்பது அவர் கைவேலையை.

சென்னைத் தொடர்பு அதோடு முடியவில்லை. 1870களின் தொடக்கத்தில், சென்னையில் இருந்த ராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லம் லவ்டேலோடு இணைக்கப்பட்டது. எழும்பூரில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இல்லம் அது. மவுண்ட் ரோட்டில் அதற்கென்று ஓர் அச்சகமும் இருந்தது. இணைப்புக்குப் பிறகு அது லாரன்ஸ் அசைலம் பிரஸ் ஆயிற்று. பழைய சென்னை பற்றிப் படிப்பவர்கள் அந்த அச்சகத்தின் ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

இந்த எழும்பூர் இல்லத்தின் கதையை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1789 முதல் அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தரச் சொன்னார். அது வேலை செய்தது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையையே பள்ளி முழுக்கக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

நம் திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்குப் பதில் சின்னவர்களைக் கவனிக்கும் மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை, இருந்ததை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் தாண்டிப் போய்ப் புகழ் பெற்றன. திண்ணை வாத்தியார் ஒருவர் பெயர்கூட அந்தக் கதையில் இல்லை.

அப்புறம் லவ்டேல் ராணுவப் பள்ளியாகவே நீண்ட காலம் நடந்தது. விடுதலைக்குப் பிறகு, 1949-ல்தான் அது கல்வி அமைச்சகத்தின் கீழ் வந்து இன்றைய பொதுப் பள்ளியாக (பப்ளிக் ஸ்கூல்) மாறியது. அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. அணிவகுப்பு, பேண்டு வாத்தியம், 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்ற பொருள்படும் குறிக்கோள், நீலகிரி, விந்தியம், ஆரவல்லி, சுமேரு என்று மலைகளின் பெயரில் மாணவர்களைப் பிரிக்கும் நான்கு 'ஹவுஸ்'கள். ஓட்டம், விளையாட்டு, நேரத்துக்கு எழுவது இதெல்லாம் பிடிக்கும் பிள்ளை அங்கே மலர்ந்துவிடும். பாடத்திட்டம் சிபிஎஸ்இ. ஆண், பெண் இருபாலரும் படிக்கிறார்கள்.

இடையில் டூன் பள்ளியையும் தங்கை வீட்டுக்காரர் இழுத்தார். 1935-ல் டேராடூனில், எஸ்.ஆர். தாஸ் என்ற வங்காள வழக்கறிஞரின் கனவாகத் தொடங்கியது. அவர் அதைப் பார்க்காமலே இறந்துபோனார். முதல் தலைமையாசிரியர் ஈட்டன் பள்ளியிலிருந்து வந்த ஆர்தர் ஃபுட். ராஜீவ் காந்தி படித்த பள்ளி. ஜன கண மனவை, அது தேசிய கீதம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே, பள்ளிப் பாடலாக ஏற்றுக்கொண்டது அவர்களுக்குப் பெருமைதான். ஆனால் ஆண் பிள்ளைகள் மட்டும், அதுவும் ஏழாம் வகுப்பிலிருந்துதான் எடுப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெரம்பூரிலிருந்து டேராடூனுக்கு எப்போது போய்ச் சேருவது? அதை அப்படியே விட்டுவிட்டோம்.

இனி ரிஷிவேலி. 1909-ல் அடையாறு கடற்கரையில் பிரம்ம ஞான சபைக்காரர்கள் (தியசாபிகல் சொசைட்டி) கண்ணில் பட்ட சிறுவன், பின்னாளில் தத்துவ அறிஞரான ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவர் பிறந்த ஊர் மதனப்பள்ளி. 1920களின் நடுவில் அந்த ஊருக்குப் பக்கத்து வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றில், பெரிய ஆலமரத்தைச் சுற்றிப் பள்ளிக்கு இடம் தேர்ந்தெடுத்தார்கள். கிண்டியில் நடந்துகொண்டிருந்த பிரம்ம ஞான சபை வழிவந்த பள்ளி 1931-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதுதான் ரிஷிவேலி. இன்று கிண்டியில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

1950களில் அங்கே முதல்வராக இருந்தவர் கார்டன் பியர்ஸ். குவாலியரின் சிந்தியா பள்ளியை நடத்தியவர், பொதுப் பள்ளிகளை ஒன்றுசேர்த்து அமைப்பு உருவாக்கியவர். ஆகவே ரிஷிவேலியை ஏதோ ஆசிரமம் என்று நினைத்துவிட வேண்டாம், லவ்டேல் வகைப் பள்ளிகளின் சரடு அதிலும் ஓடுகிறது. சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பேசாமல் பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு. 'அஸ்தாசல்' என்பார்கள். சைவச் சாப்பாடு. சின்ன வகுப்புகளில் தேர்வு கிடையாது. மேல் வகுப்பில் ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி.

இதுவரை இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தராசு சாய்ந்தது வேறொரு விஷயத்தில்.

ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அந்தப் பள்ளியின் ஊரகக் கல்வி மையம் சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்துகிறது. பத்மநாப ராவ், ரமா என்ற இருவர் அங்கே உருவாக்கிய முறையில் பாடம் அட்டைகளாகப் பிரிந்திருக்கும். பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வோர் அட்டையாக முடித்துக்கொண்டு போகும். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் உட்காரலாம். 2003-ல் அப்போதைய சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் இதைக் கையில் எடுத்தார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்து வந்து, நம் பாடத்துக்கு ஏற்பத் தமிழில் அட்டை தயாரித்தார்கள். செயல்வழிக் கற்றல் என்று பெயர் வந்தது. 2007-ல் தமிழ்நாடு முழுக்கப் போயிற்று.

எங்கள் பள்ளிக்கு அந்த அட்டைகள் வந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேசை நாற்காலியை எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள். முதல் மாதம் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது, இது உருப்படாது என்று நானே சொன்னேன். வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை இருந்தாள். மீன் விற்கும் அம்மாவின் மகள். ஒருநாள் அட்டையைத் தானே எடுத்து, தானே முடித்து, "டீச்சர், அடுத்தது குடுங்க" என்று வந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பையனுக்கு அவளே சொல்லியும் கொடுத்தாள். எழும்பூரில் அந்த எட்டு வயதுப் பையன் செய்த வேலைதான் அது. இப்போது அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்துவிட்டது, முறைகள் மாறும். அந்தப் பெண் வாசிக்கக் கற்றுக்கொண்டது மாறாது.

ரிஷிவேலியிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விடுதிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், கிராமத்துப் பிள்ளைகள் தெலுங்கு அட்டையில் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே பள்ளத்தாக்கு, ஆனால் ஒரே வகுப்பறை இல்லை. லவ்டேலிலும் நிலைமை அதேதான், அங்கே பக்கத்துக் கேத்தி ஊர்ப் பிள்ளை எத்தனை பேர் படிக்க முடியும்? பெரிய கட்டணப் பள்ளி எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வியை விடக்கூடாது என்று தங்கையிடம் சொன்னேன்.

போக்குவரத்து சின்ன விஷயம் இல்லை. மதனப்பள்ளிக்குச் சித்தூர் வழியாகக் காரில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். லவ்டேலுக்கு ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ரயில். லவ்டேலில் அந்த ரயிலே நிற்கும், பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். 7,000 அடிக்கு மேலே இருப்பதால் குளிர் அதிகம். பையனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் ரிஷிவேலிதான். ஆனால் பையனைக் கேட்டோம். "பெரியம்மா, அங்க ஃபுட்பால் இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன். "அப்ப ரெண்டையும் காட்டுங்க" என்றான். அடுத்த மாதம் முதலில் மதனப்பள்ளி, அதற்கடுத்த வாரம் லவ்டேல் என்று முடிவாகியிருக்கிறது. நானும் கூடப் போகிறேன்.