வேகாஸில் பாதி விலை கிராண்ட் கேன்யன் டிக்கெட்: நாங்கள் மாட்டிய கதை, நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நவம்பரில் மதுரையிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு டிசம்பர் விடுமுறையில் நெவாடா போனோம். லாஸ் வேகாஸில் மூன்று இரவு, அப்புறம் தெற்கே கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் லாஃப்லினில் இரண்டு இரவு. அதுவும் கேசினோ ஊர்தான், ஆனால் கூட்டமும் வாடகையும் குறைவு. அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை, பக்கத்து மாநிலமான அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்ப்பது.

முதல் நாள் சாயங்காலம் வேகாஸின் பெரிய கேசினோ விடுதிகள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, சிறிய மேசை போட்டு நின்றிருந்த ஒரு பெண் அம்மாவின் புடவையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். கிராண்ட் கேன்யன் பேருந்துச் சுற்றுலா பாதி விலையில் தருகிறோம், 40 டாலர் முன்பணம் கட்டிவிட்டு நாளை காலை 90 நிமிடம் ஒரு காலை உணவுச் சந்திப்புக்கு வந்தால் போதும் என்றார். அது டைம்ஷேர், அதாவது ஒரு விடுமுறை விடுதியை வருடத்தில் சில நாள் மட்டும் பயன்படுத்தும் உரிமை, விற்கும் இடம் என்பதை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எட்டரைக்கு வேனில் ஏற்றி ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே வந்தபோது மணி இரண்டு. காலை உணவு என்று கொடுத்தது ஆளுக்கு ஒரு மஃபினும் காபியும். அப்பா சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், பன்னிரண்டு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, கிளம்புகிறோம் என்றால் "மேலாளர் ஒரு நிமிடம் பேசவேண்டும்" என்று அடுத்தவர் வந்து உட்காருகிறார். 38,000 டாலரில் ஆரம்பித்த விலை 24,000 ஆகி, கடைசியில் 14,900க்கு வந்தது. இன்று மட்டும்தான் இந்த விலை, நாளை வந்தால் கிடையாது என்றார்கள். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். என் மனைவி "வேண்டாம், எந்திரிங்க" என்று இரண்டு முறை சொன்னாள். அப்பாவைச் சாப்பிட வைத்தால் போதும் என்ற பதற்றத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முன்பணம் 1,490 டாலர், கிரெடிட் கார்டில்.

அன்று இரவு அவள்தான் அத்தனை பக்கத்தையும் உட்கார்ந்து படித்தாள். நெவாடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாளுக்கு அடுத்த ஐந்தாவது நாள் நள்ளிரவு வரை எந்தக் காரணமும் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சனி, ஞாயிறும் அந்தக் கணக்கில் சேரும். விற்றவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருந்த முகவரிக்கு, ஒப்பந்த எண்ணோடு "ரத்து செய்கிறேன்" என்று நான்கு வரி எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒப்பந்தம் போட்ட மூன்றாம் நாள் லாஃப்லின் தபால் நிலையத்தில் சர்டிஃபைடு மெயிலில் (அனுப்பியதற்கு அத்தாட்சி தரும் பதிவுத் தபால் மாதிரி) அனுப்பினோம். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம், எழுத்தில் போகவேண்டும். எங்கள் பணம் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

டிக்கெட்டிலும் ஏமாற்றம்தான். அதில் வெறுமனே "கிராண்ட் கேன்யன்" என்று போட்டிருந்ததே தவிர எந்தப் பக்கம் என்று இல்லை. பேருந்து போனது மேற்கு விளிம்புக்கு. அது வாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவில் சேராது. அதனால் நாங்கள் வைத்திருந்த தேசியப் பூங்கா வருடாந்திர அட்டை அங்கே செல்லுபடியாகவில்லை. கண்ணாடிப் பாலமான ஸ்கைவாக்குக்குத் தனிக் காசு. இடம் அழகுதான், குறை சொல்லவில்லை, ஆனால் அம்மா வருடக்கணக்காகப் படத்தில் பார்த்து வைத்திருந்தது தெற்கு விளிம்பு. அது வேகாஸிலிருந்து காரில் நாலரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்புவது வயதானவர்களுக்கு முடியாது, தெற்கு விளிம்புக்குப் போகும் வழியில் இருக்கும் டுசாயன் அல்லது வில்லியம்ஸ் ஊரில் ஒரு இரவு தங்கிவிடுங்கள்.

விடுதிகளைப் பற்றியும் ஒன்று. அறை வாடகைக்கு மேல் விடுதிகள் கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்டவேண்டும் என்று மே 2025 முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி இருக்கிறது. ஆனால் அறைக்குள் போகும்போது பிணையாகக் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் கணக்கிலிருக்கும் பணமே சில நாள் முடங்கிவிடும். லாஃப்லினில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

அம்மா மே மாதம் ஊருக்குத் திரும்புகிறார். ஏப்ரலில் வில்லியம்ஸில் அறை போட்டிருக்கிறேன், இந்த முறை நேரடியாக, நாங்களே கார் ஓட்டிக்கொண்டு போகிறோம்.