ரோட்டார் 37: கே-எப்சிலானா, எஸ்எஸ்டியா?

கடந்த ஆறு மாதமாக நாசாவின் ரோட்டார் 37-ஐத்தான் கணினியில் சுற்றவிட்டுக்கொண்டிருந்தேன். காற்றை அழுத்தும் கம்ப்ரசரில் சுழலும் பிளேடுச் சக்கரம் அது. 36 பிளேடு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 17,190 சுற்று, நுனி வேகம் நொடிக்கு 454 மீட்டர். நுனிப் பக்கம் காற்று பிளேடின் மேல் வந்து மோதும் வேகம் ஒலியைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 1994-ல் அளவீடுகளை வெளியிடாமல் வைத்துக்கொண்டு, முடிந்தவர்கள் கணித்துக் காட்டுங்கள் என்று சவால் விடப்பட்ட ரோட்டார் இது. அன்றிலிருந்து இதுதான் பலருக்கும் உரைகல்.

காற்றின் கொந்தளிப்பை முழுதாகக் கணிக்காமல் தோராயமாகச் சொல்லும் சமன்பாடுகள்தான் கொந்தளிப்பு மாதிரி. கே-எப்சிலான், கே-ஒமேகா எஸ்எஸ்டி, ஸ்பாலார்ட்-அல்மாரஸ் எல்லாம் அந்த வகை. இதில் எதை எடுப்பது என்று கேட்டால், என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு.

வேகம் மட்டும் போதும் என்றால் ஸ்பாலார்ட்-அல்மாரஸ் நல்லது. ஒரே ஒரு சமன்பாடு, சீக்கிரம் நிலைக்கு வரும். கே-எப்சிலானுக்குச் சுவரருகே, அதாவது பிளேடின் பரப்பருகே, பெரிய கட்டம் போதும்; காற்றுவெளியைக் கட்டங்களாக வெட்டும் மெஷ் வேலை மிச்சம். எஸ்எஸ்டிக்கோ முதல் கட்டம் ஓரிரு மைக்ரானில் இருக்க வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது, ஒலியை மிஞ்சி வரும் காற்றில் உண்டாகும் அதிர்ச்சி அலைக்குப் பின்னால் நடப்பது. அந்த அலை பிளேடின் உறிஞ்சு பக்கத்தை (அழுத்தம் குறைந்த பக்கம்) தொடும் இடத்தில் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. சுவரை ஒட்டி ஓடும், ஏற்கெனவே வேகம் குறைந்த மெல்லிய காற்றடுக்கான எல்லைப்படலம் அதைத் தாங்க முடியாமல் தடிக்கிறது, சில இடங்களில் பிய்ந்து திரும்பி ஓடுகிறது. இழப்பில் பெரும்பங்கு பிறப்பது இந்த இடத்திலும், பிளேடு நுனிக்கும் வெளி உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும்தான். வழக்கமான கே-எப்சிலான், ஓட்டத்துக்கு எதிராக அழுத்தம் ஏறும் இடத்தில் கொந்தளிப்பைக் கூட்டிச் சொல்லும். கொந்தளிப்பு கூடினால் வெளியே ஓடும் வேகமான காற்று உள்ளே கலந்து, படலம் சுவரோடு ஒட்டியே போய்விடும். எஸ்எஸ்டியில் சறுக்குத் தகைவுக்கு (காற்றடுக்குகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை) ஒரு உச்சவரம்பு உண்டு. கொந்தளிப்பு ஆற்றலுக்கு ஏற்ற அளவைத் தாண்ட விடாது. அதனால் பிய்வது பிய்கிறது.

பிளேடின் 70 சதவீத உயரத்தில் வெட்டி இரண்டு மாதிரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கே-எப்சிலானில் பிளேடின் வால், அதாவது அதன் பின்னால் இழுபடும் மெதுவான காற்று, மெல்லிசாக, அழகாக இருந்தது. எஸ்எஸ்டியில் அலை தொட்ட இடத்தில் அம்புக்குறிகள் பின்னால் திரும்பியிருந்தன, அங்கிருந்து வால் தடித்தே போனது. மெல்லிய வாலை நம்பினால் செயல்திறன் கூடுதலாகத் தெரியும். அந்த நம்பிக்கையில் வடிவமைத்த பிளேடு சோதனைக்கூடத்தில் ஏமாற்றிவிடும்.

எஸ்எஸ்டிக்கும் குறை உண்டு. பிளேடும் அடித்தண்டும் சேரும் மூலையில் பிய்வைப் பெரிதாக்கிக் காட்டும், ஓட்டம் குலைந்துபோகும் ஸ்டால் முன்கூட்டியே வந்துவிடும். எனவே ஸ்டால் எல்லையை இதை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன். பெருஞ்சுழல்களை நேரடியாகக் கணிக்கும் எல்இஎஸ் இதைவிடச் சரியாகச் சொல்லக்கூடும். முழு ரோட்டாருக்கு அதை நான் ஓட்டியதில்லை; எங்கள் கணினி அதற்குத் தாங்காது.

அப்புறம் ஒன்று. அடித்தண்டு அருகே அளவீட்டில் அழுத்தம் சட்டென்று குறையும். அது பல கணிப்புகளில் வரவில்லை என்பதால் கொந்தளிப்பு மாதிரிதான் தப்பு என்று நானும் இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஓட்டினேன். ரோட்டாருக்கு முன்னால், நிற்கும் பகுதிக்கும் சுற்றும் பகுதிக்கும் நடுவே உள்ள சின்ன இடுக்கில் கசியும் காற்றைச் சேர்த்தால் அந்த அழுத்தக் குழி வரும் என்று 1997-லேயே காட்டியிருக்கிறார்கள். மாதிரியை மாற்றும் முன் அந்த இடுக்கை மெஷ்ஷில் சேருங்கள்.