எங்கள் வாசகசாலையின் தமிழ் அலமாரி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்ப் புத்தகம் இரவல் தரும் வாசகசாலைக்கு நம்பிப் போகலாம். நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு அங்கேதான் கிடைத்தது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996-இல் விசாரணை தொடங்கியது. அரசியல் நோக்கத்தில் செய்த கொடுமையை ஒளிக்காமல் சொன்னால் பொதுமன்னிப்பு. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடி. பாதிக்கப்பட்டோருக்கு 2003-இல் ஆளுக்கு அறிவித்த 30,000 ரேண்ட் எந்த மூலைக்கு?

அந்தப் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘கக்கயம்’ என்று எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், கேரளத்தின் கக்கயம் போலீஸ் முகாமில் இறந்த மாணவர் ராஜனின் உடல்கூட தந்தை ஈச்சரவாரியருக்குக் கிடைக்கவில்லை. நூலகர் அக்காவிடம் கேட்டதும் நெருக்கடிநிலை பற்றிய நூல்களையும் தேடி எடுத்துத் தந்தார். நாற்காலிகள் போதாது. இரவல் காலம் இரண்டு வாரம். இத்தகைய நூல்களுக்கு ஒரு மாதமாவது தர வேண்டும்.