60 ஜிகாஹெர்ட்ஸை நேரடியாக உண்டாக்குவதா, 20-ஐ மூன்றால் பெருக்குவதா: ஏழு வருட அனுபவம்

மில்லிமீட்டர் அலை சிப்களுக்கு ஏழு வருடமாக ஆஸிலேட்டர் (சீரான அதிர்வெண்ணில் மின் அலையை உண்டாக்கும் சுற்று) வடிவமைத்து வருகிறேன். முதல் நான்கு வருடம் 60 ஜிகாஹெர்ட்ஸை நேரடியாக உண்டாக்கினேன். அப்புறம் ஆஸிலேட்டரை 20-இல் ஓடவிட்டு, மூன்றால் பெருக்கும் முறைக்கு மாறினேன். இரண்டு வகைச் சிப்களையும் அளந்து பார்த்தாயிற்று.

நேரடி முறை பார்க்க எளிமையானது. அதிர்வெண்ணைத் தீர்மானிக்க, இண்டக்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த ஒரே எல்சி சுற்று; வேண்டாத ஹார்மானிக் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) தொல்லையும் குறைவு. ஆனால் அந்த அதிர்வெண்ணில் நம் கையில் இருப்பது 70 பிகோஹென்றி இண்டக்டரும் 100 ஃபெம்டோஃபாரட் கெபாசிட்டரும்தான். 10 மைக்ரான் நீள மெல்லிய கம்பியே ஏறக்குறைய 10 பிகோஹென்றி வரும். முதல் சிப்பில் இண்டக்டரையும் டிரான்சிஸ்டரையும் இணைக்கும் கம்பிக்குக் கெபாசிட்டன்ஸை மட்டும் கணக்கிட்டால் போதும் என்று விட்டுவிட்டேன். 60-இல் வர வேண்டியது 56-இல் நின்றது. வேராக்டரை (மின்னழுத்தத்தால் மதிப்பு மாறும் கெபாசிட்டர்) எந்த எல்லைக்குத் தள்ளியும் எட்டவில்லை. அன்றிலிருந்து இண்டக்டர், கம்பி, வயா (உலோக அடுக்குகளை இணைக்கும் துளை), தரை மின்னோட்டம் திரும்பும் பாதை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத்தான் மின்காந்த சிமுலேஷன் செய்கிறேன். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அதைச் சரிசெய்த பிறகும் வேராக்டர் விடவில்லை. அதிர்வெண் ஏறினால் இண்டக்டரின் க்யூ (ஆற்றல் இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) கூடும், வேராக்டரின் க்யூ விழும். வேராக்டருக்கு 20-இல் இருக்கும் க்யூவில் மூன்றில் ஒரு பங்குதான் 60-இல் மிஞ்சும். ட்யூனிங் அகலம் (அதிர்வெண்ணை நகர்த்தக்கூடிய வீச்சு) வேண்டுமென்று வேராக்டரைப் பெரிதாக்கினால் ஃபேஸ் நாய்ஸ் (அலையின் நேரத்தில் வரும் சிறு தடுமாற்றம்) மோசமாகும்.

மூன்றால் பெருக்கினால் ஃபேஸ் நாய்ஸ் 9.5 டெசிபெல் கூடுமே என்று கேட்பார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் ஆஸிலேட்டரின் ஃபேஸ் நாய்ஸுக்கு லீசன் என்ற பொறியாளர் 1966-இல் தந்த சூத்திரப்படி, க்யூவையும் சிக்னல் சக்தியையும் மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் மூன்று மடங்காக்கினாலும் அதே 9.5 கூடும். அந்த வகையில் இரண்டும் சமம். 20-இல் கிடைக்கும் நல்ல க்யூதான் லாபம்.

எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி டிவைடரில் (அதிர்வெண்ணை வகுத்துக் குறைக்கும் சுற்று) கிடைத்தது. 60-இல் இஞ்செக்ஷன் லாக்கிங் டிவைடர் (உள்ளே வரும் சிக்னலோடு பூட்டிக்கொண்டு ஓடும் வகை) வைத்திருந்தேன். அது பூட்டிக்கொள்ளும் வீச்சு குறுகியது. வெப்பநிலை மாறினால் ஆஸிலேட்டர் ஒரு பக்கம் நகரும், டிவைடர் இன்னொரு பக்கம் நகரும், ஆஸிலேட்டரை ஒரு மேற்கோள் சிக்னலோடு பூட்டி வைக்கும் பிஎல்எல் சுற்று பிடியை விட்டுவிடும். 20-இல் சாதாரண சிஎம்எல் (மின்னோட்டத்தைத் திசைமாற்றி இயங்கும் லாஜிக்) டிவைடரே போதும். மாறிய பிறகு அந்தக் கோளாறு ஒருமுறைகூட வரவில்லை.

குறைகளும் உண்டு. பெருக்கியும் அதன் பின்னால் வரும் பஃபரும் (சிக்னலுக்கு வலுவூட்டும் சுற்று) மின்னோட்டத்தை நிறையத் தின்கின்றன. 20-இன் மிச்சமும், லேஅவுட்டில் சமச்சீர் சற்றுப் பிசகினால் 40-உம் வெளியே கசியும். ட்யூனிங் அகலம் சிறியதாகவும், பேட்டரிதான் முக்கியமாகவும் இருக்கும் சென்சாருக்கு நேரடி முறையையே இன்றும் எடுப்பேன்.

இப்போது கையில் உள்ள சிப்பை 20-இலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். பஃபர் மட்டும் முழு அலைவரிசையையும் இன்னும் சமமாகத் தாங்கவில்லை. அதன் டிரான்ஸ்ஃபார்மரை மூன்றாவது முறையாக வரைந்துகொண்டிருக்கிறேன்.