பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர்: எங்கே நின்று பார்ப்பது?

பாரிஸின் தமிழ்க் கடைப் பகுதியான லாச்சப்பலில் (லா ஷப்பேல்) ஓடும் இந்தத் தேருக்குப் புதிதாகப் போகிறவர்கள் நேரே கோயில் வாசலுக்குப் போய்விடுகிறார்கள். அதுதான் பிழை. 1985இல் தொடங்கிய ஆலயம். ரூ பஜோல் தெருவில், கோபுரமில்லாத சாதாரணக் கட்டடம். காலை 9 மணியளவில் பூசை, தேர் வெளிக்கிட 11 ஆகும். அதுவரை முன்னால் நிற்பவரின் முதுகுதான் தரிசனம்.

ஃபோபூர் சென் தெனி தெருவில், தமிழ்க் கடைகள் நெருங்கியிருக்கும் பக்கம் நில்லுங்கள். கடை வாசல்களில் தேங்காயைக் கும்பமாகக் குவித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே கற்பூரம் கொளுத்திக் காத்திருப்பார்கள். தேர் கிட்ட வந்ததும் இரு கையாலும் எடுத்துத் தார் வீதியில் ஓங்கி அடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். நாலைந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள், சிரட்டை பறக்கும். வெள்ளை வேட்டியில் மஞ்சள் தெறித்தால் சோப்புக்குப் போகாது; துவைத்து வெயிலில் போட்டால்தான் வெளிறும்.

தேய்ந்த ரப்பர் செருப்பு அந்த ஈரத்தில் கட்டாயம் வழுக்கும். வடம் பிடிப்பவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். அவர்களுக்குச் சிரட்டைச் சில்லுதான் எதிரி. வடத்தின் நுனிப் பக்கம் பிடித்தால் தரை தெரியும். நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டுமே தெரியும். குழந்தை வண்டி வேண்டாம், சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கற்பூரச்சட்டியைத் தலையில் ஏந்தி வரும் பெண்களுக்கு வழி விடுங்கள்: காற்றடித்தால் சுவாலை பக்கவாட்டில் சாயும், நைலோன் சால்வை உடனே பற்றும்.

யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேரின் உயரத்தை மனதில் வைத்து வருபவருக்கு இது சிறிதாகத்தான் படும். காவடியும் நாதஸ்வரமும் தவிலும் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல்களில் மோரும் சர்பத்தும் சும்மா கிடைக்கும். சாப்பாட்டுக்கடையில் இடம் பிடிக்கிற வேலையை அன்று மத்தியானம் மறந்துவிடுங்கள். கழிப்பறை வசதி குறைவு. ரயில் நிலையத்திலேயே போய்விட்டு வருவது புத்தி.

காரில் வராதீர்கள், தெருக்களை அடைத்துவிடுவார்கள். லா ஷப்பேல் மெட்ரோ வாசலில் நெரிசல் அதிகம். கார் து நோர் (Gare du Nord) ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பது மேல். திரும்பும்போது 7ஆம் மெட்ரோத் தடத்தின் லூயி பிளாங் நிலையம் வசதி.

படமெடுப்பவர்கள் தேருக்கு முன்னாலேயே போய்த் தேங்காய்க் குவியல்களை எடுத்துவிட வேண்டும். தேர் கடந்ததும் பச்சை உடுப்புத் துப்புரவுப் பணியாளர்கள் வந்து கழுவத் தொடங்கிவிடுவார்கள்.